குடை மறைத்த காற்று

மலையுச்சியில் நின்று அமெச்சூர் வானொலியில் பேசுகிற எங்களுக்குள் ஒரு விதி உண்டு. நான்கு பேருடன் தொடர்பு கிடைத்தால்தான் ஏறியது கணக்கில் சேரும். அன்று காலை, பொத்துவிலுக்கு அப்பால் ஒரு பாறை மலையில், எனக்கு மூன்று பேர் கிடைத்திருந்தார்கள். மைக்கில் காற்று இரையாமல் இருக்க மனைவி குடையை விரித்து மறைத்துக்கொண்டிருந்தாள்.

நான்காவதாக ஒரு மெல்லிய குரல் வந்தது. என் சிக்னல் தெளிவாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, "காக்கா, அங்கிருந்து கடல் தெரியுதா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டார். நான் வானொலியில் அவருடைய அடையாளமான அழைப்புக்குறியை எழுதிக்கொண்டு, "நன்றி தம்பி" என்று முடித்துவிட்டேன்.

"அவர் கேட்டதுக்கு நீங்க ஒண்டும் சொல்லல்லியே" என்றாள் மனைவி.

வெட்கத்தோடு மறுபடி அழைத்தேன். அவர் அங்கேயே காத்திருந்தார். கடல் தெரிகிறது, அறுகம்பே வளைவு தெரிகிறது, இந்தப் பக்கம் வயல் பச்சையாகக் கிடக்கிறது என்று நிதானமாகச் சொன்னேன்.

"நானும் அந்த மலைக்கு ரேடியோவோட ஏறின ஆள்தான். விழுந்து முதுகு உடைஞ்ச பிறகு கட்டில்தான்" என்றார். "ஒரு உதவி காக்கா. அந்தக் காத்தைக் கொஞ்சம் கேக்க விடுங்க."

நான் சொல்லாமலே மனைவி குடையை மடக்கினாள். மைக்கைக் கடல் பக்கம் நீட்டி, பொத்தானை அழுத்தியபடி நின்றேன்.

பொத்தானை விட்டேன். பிறகு, "ஓம் காக்கா, மலைக்கு வந்து சேர்ந்திட்டன்" என்றார்.

இடைஞ்சல் என்று நாங்கள் மறைத்த காற்றுக்குத்தான் ஒருவர் ஏங்கிக் கிடந்திருக்கிறார். இப்போதும் மலையேறுகிறோம். முதல் அழைப்பு அவருக்குத்தான். அது முடியும்வரை மனைவி குடையை விரிப்பதில்லை.