பூ முதிரையில் ஒரு துப்பாக்கிக் கட்டை

நம் ஊரில் வெட்டப் போகும் ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிப்போம். அது உதறினால் சம்மதம் என்று பொருள். இங்கே இலங்கையில் மரத்துக்குத் தெளிக்கிறார்கள். உலர்ந்து கிடக்கும்போது வெறும் பலகை. ஈரத் துணியால் ஓர் இழுப்பு இழுத்தால் உள்ளே ஒளிந்திருந்த வரியும் பூவும் எழுந்து வரும். நம் பக்கம் தேக்கில் நேர் வரியைத்தான் குணமென்போம். இங்கே வளைந்ததற்கே மதிப்பு.

வலப்பனையில் ‘பாஸ்’ என்று எல்லோரும் அழைக்கும் ஒரு சிங்களத் தச்சரின் பட்டறைக்கு என்னை இழுத்துச் சென்றவன் சவரிமுத்து. டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் நான் பெரிய கிளாக்கராக இருந்தவன், அவன் டீமேக்கர். இருவரும் திருச்சி ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர்கள். பிரஜாவுரிமை மனு இருவருக்கும் நானே எழுதினேன். அவனுக்குக் கிடைத்தது. என் மனு தள்ளுபடி: தாயாரின் நோய்க்காக நான் ஊரில் தங்கிய காலத்தால் இங்கே குடியிருந்த தொடர்ச்சி அறுந்துவிட்டதாம். தோட்டத்துக்கே விதி சொன்னவன் விதியில் இடறினேன். ஓய்வு பெற்றவனுக்குத் தற்காலிக விசாவும் இனி நீளாது. அடுத்த மாதம் கப்பல்.

பிரஜையான சவரிமுத்துவோ காட்டுப்பன்றியைச் சாக்கிட்டு ரைபிளுக்கு லைசன்ஸ் வாங்கிவிட்டான். சீமைக்குத் திரும்பிய துரை விற்றுவிட்டுப் போன துப்பாக்கி அது. தோளில் சாயும் கட்டை உடைந்திருந்தது. அவனுக்கு லைசன்ஸ், எனக்குக் கப்பல் என்ற நினைப்பு வழியெல்லாம் நெஞ்சில் கரித்துக்கொண்டே வந்தது.

தச்சர் இரண்டு முதிரை மரப் பலகைகளைத் துடைத்துக் காட்டினார். முழுதும் பூவாய் மின்னியதில் சவரிமுத்து கை வைத்தான்.

“அது வேணாம் சவரி. கையில பிடிக்கிற கழுத்துல வரி குறுக்க ஓடுது. நாலு வெடியில பொளந்துரும். இதப் பாரு, கழுத்துல நேர் வரி, பின்னால பூ.”

“என் பலகையிலயும் குத்தமாங்க ஐயா? வயித்தெரிச்சல்தானே?”

வயிற்றெரிச்சல்தான். ஆனால் சொன்னது உண்மை. தச்சரும் தலையாட்ட, நான் காட்டியதையே எடுத்துக்கொண்டான்.

அடுத்து அளவு: கட்டையின் நீளம் சுடுகிறவன் கைக்குப் பொருந்த வேண்டும். தச்சர் நேராக என்னிடம் வந்தார். “மாத்தயா, கை மடக்குங்க.” மடக்கினேன். முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை அளந்து, பலகையில் பென்சில் கோடு போட்டார். என் கறுப்புக் கோட்டைப் பார்த்தவருக்கு நான்தான் மாத்தயா, எஜமான்; அரைக் கால்சட்டை போட்ட சவரிமுத்து என் வேலையாள்.

சவரிமுத்து சிரித்தான். “பாஸ், துப்பாக்கி என்னோடது. இவரு விசாக்காரரு.”

“விசாவா? மாத்தயா இந்தியாவிலிருந்து இப்பதான் வந்தீங்களா?”

“நீங்க பொறக்குறதுக்கு முன்னயே வந்தவருங்க.”

தச்சர் என்னையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவன் கையை அளக்கப் போனார். அவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“ஐயா அளவுலயே இருக்கட்டும் பாஸ். தூக்கி வைக்கிறப்பல்லாம் நெனப்பு வரும்.”

“நெனப்புக்கு முன்னால தோள் வலி வரும்டா. உன் கை குட்டை.”

“வரட்டுங்க.”

அவனை அப்போது இன்னும் அதிகமாக வெறுத்தேன். நினைவு வைத்துக்கொள்வதற்கும் இங்கே தங்குகிறவனுக்குத்தானே வசதி. தச்சர் தோளைக் குலுக்கிக்கொண்டு மரம் அறுக்கும் வாளை எடுத்தார். அது என் அளவுக்குப் போட்ட பென்சில் கோட்டில் இறங்கியது. முழங்கை மடிப்பிலிருந்து விரல் வரை நான் பூ முதிரையாகி, லைசன்ஸோடு இந்த நாட்டில் தங்கிவிடுவேன். மிச்சமுள்ளவனைத்தான் தலைமன்னாரில் கப்பலேற்ற வேண்டும்.