மேலத்தெருச் சாக்கடையைச் சோதித்தவர்

எங்கள் சேரிக்குக் காலராவைக் கொடுத்தது மேலத்தெரு. இதைக் கோபத்தில் சொல்லவில்லை. நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்த்து, எழுதி, கையெழுத்தும் போட்ட ஒருவர் இருந்தார். டாக்டர் ஆரோக்கியநாதன். போன வாரம் புதுச்சேரியில் நெஞ்சுவலி கண்டு காலமாகிவிட்டார்.

பட்டணத்துக்குக் கரும்பு ஏற்றிப் போய்த் திரும்பிய வண்டிக்காரர்தான் சேதி கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாசலில் மாட்டை நிறுத்தி, "வாத்தியாரே, சாக்கடை தொக்தேர் பூட்டாராம்பா" என்றார். செத்தவரை அப்படியா சொல்வது என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பாகூர்ப் பக்கம் அவருக்கு வேறு பெயர் இருந்ததில்லை. டாக்டரைப் பிரெஞ்சு வழக்கில் தொக்தேர் என்போம்; அதோடு சாக்கடையைச் சேர்த்து மேலத்தெருக்காரர்கள் கேலியாக வைத்த பெயர் அது. நாங்கள் அதையே மரியாதையாகச் சொன்னோம். ஒருமுறை என் கதவைத் தட்டியவரை யாரென்று உள்ளிருந்து கேட்டேன். "சாக்கடை தொக்தேர் வந்திருக்கேன்" என்றார். நகைச்சுவைக்குச் சொன்னதாகத் தெரியவில்லை. உத்தியோகப் பெயரைச் சொல்வதுபோலத்தான் சொன்னார்.

அவருடைய வேலைமுறையைப் பட்டணத்து டாக்டர்கள் சிலரே பைத்தியக்காரத்தனம் என்றார்கள். வாந்திபேதி கண்ட வீட்டை ஒருவரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். காட்டிக்கொடுத்தால் சுகாதார ஆட்கள் வந்து பாயையும் துணியையும் கொளுத்துவார்கள், வாசலில் சுண்ணாம்பு அடிப்பார்கள், பேசி வைத்த கல்யாணம் நின்றுபோகும். அதனால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். "ஆளைக் கேட்டா இல்லம்பான். அவன் வூட்டுத் தண்ணியக் கேப்போம்" என்பார் டாக்டர். சாக்கடை நீரைச் சீசாவில் மொண்டு பட்டணத்துச் சோதனைச்சாலைக்குக் கொண்டுபோவார். கிருமி வளர்வதற்கு ஒரு கரைசலில் விட்டு வைத்திருந்து பிறகு பார்ப்பார். எனக்கும் ஒருமுறை காட்டினார். காற்புள்ளிபோல் வளைந்த சின்னச் சின்ன உயிர்கள். அவ்வளவு சிறியது எங்கள் தெருவில் பாதியைக் காலி செய்ததே என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

அவரும் ஒரு பெரிய தப்புச் செய்தார். அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

எங்கள் சேரியில் சாவு தொடங்கிய வாரம் அது. மேலத்தெருச் சாக்கடை சரிவில் இறங்கி எங்கள் குளத்தில்தான் விழும். நாங்கள் குடிப்பது அந்தக் குளத்து நீர். ஊர்க் கிணறு எங்களுக்கு இல்லை என்பதை இதைப் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. டாக்டர் வரப்போவதாக முந்தின நாளே தண்டோரா போட்டார்கள். மறுநாள் சாக்கடையிலும் குளத்திலும் நீர் எடுத்துப் போனார். சாக்கடை நீரில் ஒன்றும் இல்லை. குளத்து நீரில் கிருமி மண்டிக் கிடந்தது. பார்த்ததை அப்படியே எழுதினார். அடுத்து உத்தரவு வந்தது: சேரி ஆட்கள் ஊருக்குள் வரக்கூடாது, வயலில் இறங்கக்கூடாது. நடவு நேரம். கூலி இல்லை என்றால் கஞ்சி இல்லை. பேதிக்குத் தப்பியவர்கள் பட்டினியில் படுத்தார்கள். சேரிதான் நோய்க்கு ஊற்று என்று மேலத்தெரு சொல்லித் திரிந்தது. அதற்கு ஆதாரம் டாக்டருடைய தாளே.

சில நாள் கழித்துத் தடுப்பூசி போட அவர் மேலத்தெருவுக்குப் போனார். ஊசி போட்டுக்கொண்ட அலமேலம்மாள் என்கிற குடியானவ வீட்டு அம்மாள் அவரிடம் சண்டைக்கு வந்தாராம். இதை டாக்டரே என்னிடம் அந்த அம்மாள் குரலிலேயே நடித்துக் காட்டினார்.

"இன்னா தொக்தேரு, தெருவ அவ்ளோ சுத்தமா வச்சிருந்தோம். நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லாம பூட்டீங்களே."

என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள் பெருமையாக அடுக்கினார். தண்டோரா கேட்டதுமே பெண்கள் எல்லாரும் இறங்கி, கிணற்று நீரைக் குடம் குடமாக ஊற்றிச் சாக்கடையைத் துடைப்பத்தால் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். சாணம் கரைத்துத் தெளித்துக் கரை நெடுகக் கோலமும் போட்டார்கள். "பெரிய மனுஷர் வந்து குனிஞ்சி பாக்கற எடம். அழுக்கா வச்சா எங்களுக்கில்ல அசிங்கம்?"

சூது ஒன்றும் இல்லை. வருகிறவருக்கு வாசல் தெளித்தார்கள். கழுவிய அத்தனையும் குளத்துக்கு வந்து சேர்ந்தது. நடித்து முடித்ததும் டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. "விருந்தாளி மாதிரி சொல்லிட்டுப் போனேன் வாத்தியாரே. அதான் தப்பு. அந்தத் தப்புக்கு நீங்க பட்டினி கெடக்கறீங்க" என்றார்.

இரண்டாம் முறை அவர் யாரிடமும் சொல்லாமல் வந்தார். சீசாப் பெட்டியின் ஒரு கைப்பிடியை அவர் பிடித்தார், மறுபக்கம் நான். குளத்து வாயிலிருந்து தொடங்கிச் சாக்கடையோடு மேலே ஏறினோம். ஒவ்வொரு வீட்டுக் கழிவுநீரும் வந்து சேரும் இடத்தில் ஒரு சீசா. தெரு முனையில், ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த மேலத்தெரு மிராசுதாரின் காரியக்காரர் வழிமறித்தார். டாக்டர் போகலாம், சேரி ஆள் போகக்கூடாது, உத்தரவு இருக்கிறது என்றார். டாக்டர் பெட்டியைக் கீழே வைத்தார்.

"இது ரெண்டு பேர் தூக்கற பெட்டி. அவரு வரக்கூடாதுன்னா அந்தப் பக்கத்த நீங்க புடிங்க."

காரியக்காரர் பெட்டியைப் பார்த்தார், அதிலிருந்து வந்த நாற்றத்தையும் முகர்ந்தார், விலகி நின்றார். செருப்புக் காலோடு மேலத்தெருவில் நான் நடந்தது அன்றுதான்.

மிராசுதார் வீட்டுக்குக் கீழே எடுத்த சீசாக்கள் எல்லாவற்றிலும் கிருமி இருந்தது. மேலே எடுத்தவற்றில் இல்லை. முடிவு தெரிந்ததுமே டாக்டர் அந்த வீட்டு வாசலுக்குப் போனார். நானும் தெருவில் நின்றேன். எங்கள் வீட்டில் யாருக்கும் ஒன்றுமில்லை, வேண்டுமானால் சேரியில் போய்ப் பார் என்று மிராசுதார் சத்தம் போட்டார். டாக்டர் குரலை உயர்த்தவே இல்லை.

"சேரித் தண்ணி மேட்டுல ஏறி உங்க வூட்டுக்கு வராதுங்க. நான் உங்க பேர எழுத வரல. உள்ள படுத்திருக்கறது யாரு? காட்டுங்க. நேரம் போவுது."

உள்ளே மருமகள் கண் செருகிக் கிடந்தாள். ஊரில் முதலில் பேதி கண்டது அவள் கணவன். அவன் தேறிவிட்டான். அவன் துணியைப் புழக்கடையில் அலசியவள் இப்போது விழுந்துவிட்டாள். வெளியே தெரிந்தால் வீட்டு மானம் போய்விடும் என்று ஒரு மருந்தும் கொடுக்காமல் கதவைச் சாத்தி வைத்திருந்தார்கள். டாக்டர் நரம்பில் உப்புநீர் ஏற்றி, அவள் கண் திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார். அவள் பிழைத்தாள். இன்றும் நன்றாக இருக்கிறாள்.

பிறகு அவர் செய்ததற்காகத்தான் அவர் பெயரைச் சொல்லும்போதெல்லாம் என் தலை நிமிர்கிறது. முன்பு எழுதியது தவறு, தவறு என்னுடையது, நோய் மேலிருந்து கீழே வந்தது, சேரியின்மீது போட்ட தடைக்கு நியாயமில்லை என்று எழுதிக் கொடுத்தார். அதிகாரத்தில் இருக்கிற ஒருவர் எங்களைப் பற்றிய காரியத்தில் தன் தப்பை ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. மேலதிகாரிகள் அவரைக் கூப்பிட்டு வைத்துத் திட்டினார்களாம். "திட்டட்டுமே. தடையை எடுத்தாங்க இல்ல?" என்றார். தடையை எடுத்தார்கள். எங்கள் ஆட்கள் வயலில் இறங்கினார்கள்.

சாக்கடையை மட்டும் திருப்பவில்லை. மிராசுதாரின் தென்னந்தோப்பு ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்டினால் போதும், கழிவுநீர் குளத்துக்கு வராது. டாக்டர் நேரில் சொன்னார், எழுதினார், பட்டணத்துக்கு மாற்றிய பிறகும் எழுதிக்கொண்டே இருந்தார். தோப்பில் மண்வெட்டி விழவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பழக்கம். எங்காவது ஏழைகள் கூட்டமாகச் செத்தால், அவர்கள் அழுக்கானவர்கள் என்று சொல்கிறவனை நான் நம்புவதில்லை. அந்த அழுக்கு எந்த மேட்டிலிருந்து இறங்கி வந்தது என்று பார்க்க ஏறிப் போகிறேன். அவர் எனக்குப் பாடம் எதுவும் நடத்தவில்லை. பெட்டியின் மறுபக்கத்தைப் பிடித்ததால் வந்தது இது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் பள்ளிக்கூடத்தில் இரங்கல் கூட்டம் நடந்தது. கூட்டியவர் மிராசுதார். டாக்டர் தன் குலத்தைக் காத்தவர் என்று அழுதுகொண்டே பேசினார். அந்த அழுகை பொய்யில்லை. பேசிவிட்டு, படத்துக்குப் போட மாலையை எடுத்தார். சேரி ஜனங்கள் எப்போதும்போல் ஜன்னலுக்கு வெளியே நின்றார்கள். அவர்களில் ஒருத்தி செங்கேணி. அந்த வருஷத்துப் பேதியில் புருஷனைப் பறிகொடுத்தவள். இன்றைக்கும் அதே குளத்து நீரைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கேட்டது கூட்டத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

"மாலய அப்புறம் போடுங்க சாமி. அந்தத் தொக்தேரு கேட்ட வாய்க்கால எப்ப வெட்டுவீங்க, அதச் சொல்லுங்க."