பெண் கேட்கப் போன மயில் கார்

பெண் கேட்க இன்று பீடோர் ஊருக்குப் போனேன். என் கார் பட்டறையில் கிடப்பதால் செயலியில் ஒன்றை அழைத்தேன். 'வெள்ளை நிறக் கார்' என்று காட்டியது.

வந்தது மயில்.

கார் முழுக்க நீலமும் பச்சையுமாகப் பாட்டில் மூடிகளை ஒட்டி, பின்கண்ணாடி வரை தோகை விரித்திருந்தார்கள்.

"அடியில வெள்ளதான் மச்சான், ஏறுங்க லா!" என்றார் ஓட்டுநர்.

பெண்ணுடைய அப்பா கண்டிப்பானவர். அதனால் தெருமுனையிலேயே இறக்கிவிடச் சொன்னேன்.

"வெயிலு லா, வாசல்லயே விடறேன்."

அப்பா வெளியே வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"இதெல்லாம் யாரு ஒட்டினது?"

"நாந்தான் அண்ணே."

"உள்ள வாங்க தம்பி, சாப்பிடலாம்."

அழைத்தது ஓட்டுநரை. நான் பின்னாலேயே நுழைந்தேன். முதல் வடை அவருக்குப் போனது. "கல்யாணம் ஆயிடுச்சா?" என்ற கேள்வியும் அவருக்கே போனது.

"அங்கிள், பொண்ணு கேட்டு வந்தது நான்!" என்று பதறிப்போய்க் கத்திவிட்டேன். சமையலறையில் அவள் சிரிப்பது கேட்டது.

அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சரி. ஆனா கல்யாணத்துக்கு இந்த மயில் காடிதான் வரணும்."

இப்போது ஓட்டுநருக்கு எத்தனை நட்சத்திரம் என்று செயலி கேட்கிறது. மாமனாரைப் பிடித்துத் தந்ததற்கு ஐந்து கொடுக்கவா, என் வடையையும் சேர்த்துத் தின்றதற்கு ஒன்றைக் குறைக்கவா? நீங்களே சொல்லுங்கள்.