பல்லுள்ள காகிதம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கோயமுத்தூரில் ஒரு பஞ்சாலைக் குமாஸ்தா. மிஷன் பள்ளியில் சித்திரம் சொல்லிக்கொடுத்த வெள்ளைக்கார அம்மாள் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது, சாமான் கட்ட உதவியதற்காகத் தன் பேஸ்டல் பெட்டியை எனக்குத் தந்தார். தொட்டால் திருநீறு போலக் கையில் ஒட்டும் வண்ணக் கட்டிகள். "வழவழப்பான தாளில் இது நிற்காது. தாளுக்குப் பல் இருக்க வேண்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயிலேறிவிட்டார்.

மறுநாளே பெரிய கடைவீதியில் ஒரு காகிதக் கடைக்குப் போனேன்.

"பல்லு இருக்கற காயிதம் வேணுமுங்க."

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காயிதத்துக்கு ஏதுங்க பல்லு? பல்லுப்பொடி வேணும்னா இருக்குதுங்க."

சொரசொரப்பாக இருக்க வேண்டும் என்று விளக்கினேன். அவர் அடுக்கிய தாள்களை விரலால் தடவினால் எல்லாம் ஒன்று போலவே இருந்தன. அதனால் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன். பக்கத்தில் கணக்கு நோட்டு வாங்க வந்த பெரியவர், நல்ல காகிதத்தை இப்படித்தான் சோதிப்பார்கள் போலிருக்கிறது என்று எண்ணித் தன் நோட்டைக் கன்னத்தில் தேய்த்தார். அவருக்குப் பின்னால் நின்றவரும் தேய்த்தார்.

"ஏனுங்க, கடைய மூடிப்போட்டுப் போயிரட்டுங்களா?" என்றார் கடைக்காரர். "உங்க கன்னத்துக்கு இரும்புக் கடை உப்புத்தாளுதானுங்க சரி!"

அவர் கேலியாகச் சொன்னது எனக்கு வேதவாக்காகப் பட்டது. நேரே இரும்புக் கடைக்குப் போய், தச்சர்கள் மரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் உப்புத்தாளில் முரடு ஒன்று, நைசு ஒன்று வாங்கினேன். முரட்டுத் தாள் தேங்காய் துருவுவதுபோல ஒரு நீலக் கட்டியை முழுசாகத் தின்றுவிட்டது. நைசுத் தாளோ அருமை. வண்ணம் போய் அப்படியே உட்கார்ந்துகொண்டது. போதாததற்கு அதன் பழுப்பு, அன்னூரில் பண்ணையம் பார்க்கும் என் மாமனாரின் நிறமேதான். அவரையே வரைந்தேன். கிருதா வரை ஓடும் மீசைக்கு மட்டும் ஒரு பகல் பிடித்தது.

மாமனாரும் மாமியாரும் பார்க்க வந்தார்கள். மாமனார் படத்தை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் ரசித்தார். பிறகு முகத்தைச் சுளித்தார்.

"ஏனுங்க மாப்ள, மீசைல தூசி படிஞ்சிருக்குதுங்களே?"

நரைக்காக நான் இழுத்திருந்த வெள்ளைக் கோடுகள் அவை. "ஐயோ, தொடாதீங்க மாமா" என்று நான் பதறுவதற்குள், தோள்துண்டால் அழுத்தி ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். மீசையில் பாதி துண்டுக்குப் போயிற்று. மீதி காதுப்பக்கம் புகையாகப் படர்ந்தது. மீசைக்கு அடியில் வரைந்திருந்த உதடு வெளியே தெரிந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார் கிட்டே வந்து பார்த்தார். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்பத்தானுங்க மூஞ்சி மூஞ்சியா இருக்குது. இத்தன வருசமா இந்த ஒதட்டயே நான் பாத்ததில்லீங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். காப்பியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். கோபம் என்றே நினைத்துக் கலங்கினேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை யாரோ ஒருவர் வாசலில் வந்து நின்று சிரித்தார். "யாருங்க? யாரப் பாக்கோணும்?" என்றேன்.

"உங்க மாமனுங்க" என்றார், புதிதாகச் சிரைத்த மேலுதட்டைத் தடவிக்கொண்டே.