ட்ரெய்லரில் முன்பாரம்

இன்று காலை கொல்கத்தாவில், எங்கள் பெஹாலா வீட்டு வாசலில், காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் கேம்பர் ட்ரெய்லரில் சாமான் ஏற்றினோம்.

ஓய்வு பெற்றதும் ஊர் சுற்றலாம் என்று கணவர் ஆசையாக வாங்கியது. அதன் முதல் பயணமே அவரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுசேர்க்கத்தான். அவரால் அவ்வளவு தூரம் உட்கார்ந்து வர முடியாது. இனி வைத்தியம் இல்லை, சொந்த ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரை என் தம்பி ஓட்டுகிறான்.

துறைமுகத்தில் சரக்கு ஏற்றுவதை மேற்பார்வையிட்டவர் சும்மா இருப்பாரா? நாற்காலியில் சாய்ந்து, மூச்சு வாங்கியபடியே அதட்டினார்.

"கேஸ் சிலிண்டரைப் பின்னால வைக்காத, செல்வி. பின்பாரம் கூடினா ரோட்டுல வண்டி ஆடும். என் கட்டிலை முன்பக்கம் போடு. முன்பாரம்தான் கொஞ்சம் கூட இருக்கணும்."

பக்கத்து வீட்டு மாஷிமா வழிக்கென்று ஒரு டப்பா நிறையப் பொரி கொண்டுவந்தார்.

"அதுல எடையே கிடையாது. மேல் அலமாரியில வை" என்றார் இவர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

எல்லாவற்றையும் கட்டி முடித்துவிட்டு, "இப்போ சரியா இருக்குதாங்க?" என்று கேட்டேன்.

"போறதுக்குச் சரி. நீங்க ரெண்டு பேரும் திரும்பி வரும்போது கட்டில் காலியா இருக்கும்லா? அதுல தண்ணி கேனை நிரப்பி வச்சு, இறுக்கிக் கட்டிரு. மறந்துராத."

சரி என்றேன்.

ட்ரெய்லர் இழுத்துப் பழக்கமுள்ளவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். தண்ணீர் கேன் ஏற்றாமல் திரும்பி வர ஏதாவது வழி இருக்கிறதா?