வெள்ளிக்கிழமைகள் இல்லாத அறிக்கை

வெள்ளிக்கிழமைகளில் என் மகளுக்கு இழுப்பு வருவது எந்தப் புகையால்? இதைக் கண்டுபிடிப்பதுதான் என் உத்தியோகம். நான் படித்ததும் இதற்குத்தான். ஆனாலும் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது.

நான் ஒரு ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன். காற்றில் கலந்திருக்கும் நுண்ணிய தூசியையும் புகையையும் அளக்கும் உணரிகளைச் சிறிய பெட்டிகளில் வைத்து, பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான்களில் பூட்டியிருக்கிறோம். ஓரிடத்தில் நட்டு வைத்த கருவி அந்த இடத்தின் காற்றை மட்டுமே சொல்லும். வானில் போகும் பெட்டி இணுவில், கொக்குவில், சுன்னாகம் என்று பிள்ளைகள் போகிற வழி முழுவதையும் அளந்துகொண்டு வரும். கேட்க அழகாக இருந்தது. என் மகள் முன்பள்ளிக்குப் போகும் வானிலும் ஒன்றைப் பூட்டும்படி நான்தான் கேட்டேன். அவள் அதற்கு மூக்குப் பெட்டி என்று பெயர் வைத்தாள்.

வேலையில் இறங்கிய பிறகுதான் சிக்கல் விளங்கியது. நட்டு வைத்த கருவியில் அளவு ஏறினால் காற்று மாறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஓடுகிற பெட்டியில் ஏறினால் எதைச் சொல்வது? வான் வேறு இடத்துக்கு வந்துவிட்டதா, முன்னால் போன பஸ் புகை கக்கியதா, யாராவது கதவைத் திறந்தார்களா, பெட்டிக்கே பழுதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். வான் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். செய்மதிதான் சொல்கிறது. எங்கள் குறுகிய ஒழுங்கைகளில் உயர்ந்த மதில்களுக்கும் மாமரங்களுக்கும் நடுவே அது ஒரு வீட்டு வளவு தள்ளித்தான் சொல்லும். பெட்டிக்குள் அளவுகளைச் சேமிக்கும் இடமும் குறைவு. சிக்னல் கிடைத்து அனுப்பாவிட்டால் பழைய அளவுகளின் மேலேயே புதியவற்றை எழுதிவிடும். வந்து சேர்வதில் நம்பக்கூடியதை வைத்து மற்றதைக் கழிப்பது என் வேலை.

வெள்ளிக்கிழமை காலைகளில் எல்லா வான்களிலும் அளவு மலைபோல ஏறியது. காரணம் தேடத் தேவையிருக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாம்பிராணி காட்டி, ஊதுபத்தி குத்தி வைக்காமல் இங்கே யாரும் பள்ளிக்கூட வானை வெளியே எடுப்பதில்லை.

திட்டத்துக்குப் பொறுப்பான சேர் கணினித் திரையைப் பார்த்தவுடனே முடிவெடுத்துவிட்டார்.

"சாம்பிராணி. உது காத்தில்லைப் பிள்ளை, பக்தி. வெள்ளிக்கிழமை காலமையைத் தரவிலையிருந்து தூக்கிவிடும்."

"சேர், வெள்ளிக்கிழமையிலைதான் சனம் வளவு கூட்டிக் குப்பையும் கொளுத்துறது. தூக்கினால் அதுவும் சேர்ந்து போயிடும்."

"அப்ப ரெண்டையும் பிரிச்சுக் காட்டும், பாப்பம்."

"இப்ப ஏலாது சேர். உணரிக்கு ரெண்டும் புகைதான்."

"ஏலாதெல்லே? பிறகென்ன கதை?" என்றவர், நான் இன்னும் எழும்பாததைப் பார்த்துவிட்டு, "நீர் இஞ்சை ஆய்வாளரோ, அம்மாவோ? முதல் அதைச் சொல்லும்" என்றார்.

அறையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

கழிப்பதற்கு முன் என் மகளின் வானின் வெள்ளிக்கிழமைகளைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். வான்கார அண்ணையின் வீட்டில் அளவு ஏறுகிறது, அது சாம்பிராணி. ஒழுங்கையால் வரவர மெல்ல இறங்குகிறது. பிறகு வான் நிற்கிற ஓரிடத்தில், முதலில் ஏறியதைவிட உயரமாக, மறுபடி ஏறுகிறது. அந்த இடம் எங்கள் வீட்டுப் படலை வாசல்.

எங்கள் வீடுதான் வானின் முதல் நிறுத்தம். கதவு முதன்முதலாகத் திறக்கப்படுவது அங்கேதான். திறந்த கதவால் வந்த காற்று, உள்ளே அடைபட்டிருந்த சாம்பிராணிப் புகையைக் கிளப்பிப் பெட்டிப் பக்கம் தள்ளியிருக்கலாம். அல்லது வெளியிலிருந்து வேறு புகை உள்ளே போயிருக்கலாம். வெளியே புகைக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மாமி, என் கணவரின் தாய், வளவு முழுவதையும் கூட்டி மதிலோரம் குவித்து நெருப்பு வைப்பார். மாவிலை, பலாவிலை, தென்னம்பாளை, அவற்றோடு கிழமை முழுக்கச் சேர்ந்த சொப்பிங் பைகளும் யோகட் கோப்பைகளும். பக்கத்து வளவிலும் அப்படித்தான். செய்மதியைக் கேட்டால் புள்ளியை ஒருநாள் எங்கள் வளவில் வைக்கிறது, ஒருநாள் பக்கத்து வளவில் வைக்கிறது.

மகளுக்கு வருவது தொய்வு, அதாவது ஆஸ்துமா, என்று டொக்டர் சொல்லி அப்போது அதிக காலமாகவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் அவள் விலாவுக்குள் தோல் உள்வாங்கி உள்வாங்கி எழும். மருந்துப் பம்பை அவள் வாயில் வைத்து அழுத்திக்கொண்டு நான் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எனக்குத் தேவைப்பட்டது ஒரேயொரு வெள்ளிக்கிழமை. அண்ணை சாம்பிராணியை விட்டாலும் போதும், மாமி நெருப்பை விட்டாலும் போதும். ஒன்றை நிறுத்திவிட்டுப் பார்த்தால் மற்றது என்ன செய்கிறது என்று ஓரளவுக்காவது தெரிந்துவிடும்.

முதலில் அண்ணையிடம் போனேன்.

"தங்கச்சி, என்ன கதை கதைக்கிறியள்? பிள்ளையளை ஏத்துற வாகனம். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்ச் சாம்பிராணி காட்டாமல் எடுத்து, எங்கையாவது கொண்டுபோய் மோதினால் உங்கடை பெட்டியோ வந்து பதில் சொல்லும்?"

"ஒரு கிழமைக்குத்தான் அண்ணை. சின்னவளுக்கு நெஞ்சு இழுக்குது."

அவர் முகம் உடனே மாறியது. "ஐயோ, சின்னனுக்கோ? ஏன் முதலே சொல்லேல்லை? நீங்கள் யோசியாதையுங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்."

நிம்மதியாக வீட்டுக்கு வந்து, எதற்கும் இருக்கட்டும் என்று மாமியிடமும் அந்த வெள்ளிக்கிழமை நெருப்பை விடச் சொல்லிக் கேட்டேன்.

"உன்ரை புருசனை உந்த வளவுக்குள்ளைதான் வளர்த்தனான். அவனுக்குத் தொய்வு வந்ததோ? உங்கடை பிள்ளையளுக்குத்தான் இப்ப காத்தும் ஒத்துவராது" என்றார் மாமி.

"அப்ப சொப்பிங் பை இல்லை மாமி."

"ஓம், அப்ப பெட்டியும் இல்லை. பிள்ளையளும் சுகமாய் இருந்ததுகள்."

பிறகு அவரே குரலைத் தாழ்த்தினார். "சரி, வான் வாற நேரம் கொளுத்தேல்லை. போதுமோ?"

அந்த வெள்ளிக்கிழமை அளவு முன்பு எப்போதும் இல்லாத உயரத்துக்குப் போனது. அண்ணை பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்குமென்று வழமையைவிட இரண்டு மடங்கு சாம்பிராணி போட்டு, மகள் இருக்கிற ஆசனத்தைச் சுற்றித் தனியாக ஒருதரம் காட்டியிருக்கிறார். மூக்குப் பெட்டியின் முகத்தில் சந்தனப் பொட்டும் வைத்திருந்தார். மாமி தன் சொல் தவறவில்லை. வான் வருவதற்கு முன்பே எழும்பி, மகள் படுத்திருந்த அறை யன்னலுக்கு நேரே எல்லாவற்றையும் கொளுத்தி முடித்திருந்தார். நான் குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்றதால் காணவில்லை. இருவரும் என்மேலும் பிள்ளைமேலும் வைத்த அன்பால் செய்தது. யாரைக் கோபிப்பது?

கொழும்பில் வேலை செய்யும் கணவரிடம் போனில் சொன்னேன். "அம்மாவோடை இதுக்கெல்லாம் பிடுங்குப்படாதை. பிள்ளையை வெள்ளிக்கிழமையிலை வானிலை அனுப்பாதை" என்றார். அடுத்த வெள்ளிக்கிழமை அனுப்பாமல் விட்டேன். அன்று அவள் வீட்டில் இருந்தாள், மதிலோரப் புகையோடு. இழுப்பு வந்தது. அதற்கு முந்திய இரவு அவளுக்குச் சளியும் தடிமனும் இருந்தது. அதனால் அந்த நாளும் எதையும் நிரூபிக்கவில்லை. ஒருவேளை என் பயம்தான் புள்ளிகளை எங்கள் படலைக்கு இழுக்கிறதோ என்று என்னையே சந்தேகிக்கிறேன். சேர் கேட்ட கேள்வியில் உண்மை இருக்குமோ என்றும் யோசிக்கிறேன். நல்ல ஆய்வாளர் என்றால் தன் பிள்ளை போகும் வானின் அளவுகளைத் தனியாக எடுத்துப் பார்த்திருக்கவே மாட்டாள். நல்ல அம்மா என்றால் அளந்துகொண்டிருக்காமல் எழும்பிப்போய் நெருப்பில் தண்ணீர் ஊற்றியிருப்பாள்.

இப்போது அறிக்கை முடிந்துவிட்டது. பள்ளிக்கூடப் பாதைகளில் காற்று பெரும்பாலும் பரவாயில்லை என்று சொல்கிறது. அதில் வெள்ளிக்கிழமை காலை என்று ஒன்று இல்லை. வழமைக்கு மாறான அளவுகள் நீக்கப்பட்டன என்று கடைசிப் பக்கத்தில் ஒரு வரி மட்டும் இருக்கிறது. அந்த வரியைத் தட்டச்சு செய்தது நான். வாராவாரம் எல்லா ஒழுங்கையிலும் நடப்பது எப்படி வழமைக்கு மாறானது ஆகும் என்று கேட்டேன். சேர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நீக்கியவற்றின் பிரதி என் மடிக்கணினியில் இருக்கிறது. அதை நான் வைத்திருக்கக்கூடாது. வான் எங்கெங்கே நிற்கிறது என்பதில் எந்தப் பிள்ளையின் வீடு எங்கே என்பதும் அடங்கியிருக்கிறது. அந்த விவரத்தை ஒருவரும் தனியாக வைத்திருக்கமாட்டோம், வெளியே காட்டமாட்டோம் என்று பெற்றோருக்குச் சொல்லித்தான் பெட்டிகளைப் பூட்டினோம். போரையும் சோதனைச்சாவடிகளையும் கண்ட இந்த ஊரில் தன் போக்குவரத்தை ஒரு பெட்டி குறித்துக்கொள்வதைச் சனம் சும்மா ஒத்துக்கொள்வதில்லை. என் முகத்தைப் பார்த்துத்தான் பலர் ஓம் என்றார்கள்.

வரும் கிழமை பெற்றோர் கூட்டத்தில் அறிக்கையின் சுருக்கத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "நீர் தாயும்தானே, உம்மடை வாயால சொன்னால் சனம் நம்பும்" என்கிறார் சேர். வெள்ளிக்கிழமைகளை எடுத்துவிட்டோம் என்று நான் சொன்னால், முதல் கேள்வி எந்த வான் என்பதாக இருக்கும். அண்ணையின் வானிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிடுவார்கள். குப்பை என்று சொன்னால் யார் வீட்டுக் குப்பை என்பார்கள். மாமி முன்வரிசையில் இருப்பார். நிரூபிக்க என்னிடம் இருப்பது, வைத்திருக்கக்கூடாத ஒரு பிரதி மட்டுமே. சொல்லாவிட்டால், என் மகளைப்போல இழுக்கிற பிள்ளை இருக்கும் ஏதோ ஒரு தாய் நான் வாசித்ததை நம்பி, பயப்பட ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போவாள்.

இதை வாசிக்கிறவர்களில் இப்படியொரு இடத்தில் நின்றவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். ஒருவரையும் காட்டிக்கொடுக்காமல், ஒருவரையும் ஏமாற்றாமல், அந்தக் கூட்டத்தில் நான் என்ன சொல்லலாம்? அல்லது வாசிக்கமாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுவதுதான் சரியா?