அண்ணன் ஒத்திகை பார்த்த பேச்சு

என் அண்ணன் பாராளுமன்றத்தில் பேச வேண்டிய பேச்சை, ரங்கூனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில், எங்கள் வீட்டு முன்னறையில் நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பாராளுமன்றத்தில் அதை ஒரு தடவைகூட யாரும் கேட்கவில்லை. காரணம் சுலபமானது. ஆட்சியைப் பிடித்து வைத்திருந்த பட்டாளம் பாராளுமன்றத்தையே கூட்டவில்லை.

தொண்ணூறில் தேர்தல் நடந்தது. சிட்டாங் ஆற்றுக்கு அந்தப் பக்கம், வயலும் ரப்பர் தோட்டமும் மலையுமாகக் கிடந்த ஒரு தொகுதியில் அண்ணன் ஜெயித்தார். அங்கே அவர் பள்ளிக்கூட வாத்தியார். நெல் ஆலையில் கணக்கு எழுதப் போய் அங்கேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. நான் கல்யாணமாகி ரங்கூன் வந்துவிட்டேன், அவர் நகரவே இல்லை. “ஒரு கலாவா நமக்காகப் பேசுவது?” என்று எதிர்த்து நின்றவர்கள் கேட்டார்களாம். இந்தியர்களைப் பர்மியர் சொல்லும் வார்த்தை அது. சிரித்துக்கொண்டும் சொல்வார்கள், கடித்துக்கொண்டும் சொல்வார்கள். ஆனாலும் கரேன்காரர், பர்மியர், தமிழர் என்று எல்லாக் கிராமத்துக்கும் போய் அவரவர் பாஷையில் பேசத் தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான்.

பேசுவதற்கு ஒரே ஒரு விஷயம் இருந்தது. மலையில் கரேன் படைக்கும் பட்டாளத்துக்கும் சண்டை. சண்டைக்குப் போகிற பட்டாளத்துக்கு அரிசி மூட்டையும் குண்டுப் பெட்டியும் சுமக்க ஆள் வேண்டும். வயலில் நின்றவனையும் சந்தைக்கு வந்தவனையும் பிடித்துக்கொண்டு போனார்கள். அதற்கு போர்ட்டர் வேலை என்று பெயர். சிலர் காய்ச்சலோடு திரும்பி வந்தார்கள். பலர் வரவில்லை. வராதவன் செத்தானா இருக்கிறானா என்று அவன் பெண்டாட்டி போய்க் கேட்க ஓர் இடம் கிடையாது. ஓட்டுக் கேட்டுப் போன வீடுகளில் பெண்கள் அண்ணனிடம் ரோடு கேட்கவில்லை, ஆஸ்பத்திரி கேட்கவில்லை. பெயரைச் சொன்னார்கள். “இந்தப் பேரை அங்கே போய்க் கேளுங்க சயா” என்றார்கள். சயா என்றால் வாத்தியார். அவர் கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

ஜெயித்த கையோடு, சபை கூடும்போது பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஒரு பையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வெளியூர் ஆள் ஓர் இரவு தங்கினாலும் வார்டு ஆபீசில் சொல்ல வேண்டும். தினம் சாயங்காலம் என் கணவர் போய்ச் சொல்லிவிட்டு வருவார். அவர் ரயில்வேயில் கிளார்க். பயப்படுவதையும் உத்தியோகத்தின் ஒரு பாகமாக ஒழுங்காகச் செய்து வந்தவர். வார்டுத் தலைவர் அவரைப் பார்த்து, “மச்சான் இன்னும் ஊருக்குப் போகலையா?” என்று கேட்பாராம். வீட்டுக்கு வந்து அந்தக் கேள்வியைச் சொல்லும்போது என் கணவரின் உதடு வறண்டிருக்கும்.

வீட்டை எப்போது வேண்டுமானாலும் சோதனை போடுவார்கள் என்பதால் பேச்சைத் தாளில் எழுதக் கூடாது என்று அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். வாயால்தான் பாடம் செய்ய வேண்டும். சபையில் பர்மிய மொழியில் பேச வேண்டிய பேச்சைத் தமிழில் ஒத்திகை பார்த்தார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒற்றைப் பலகைச் சுவர்தான். அந்தப் பக்கம் மொஹிங்கா விற்கும் ஒரு பர்மியப் பெண் தனியாக இருந்தாள். காலையில் சந்து முனையில் அடுப்பு மூட்டி மீன் குழம்பும் சேமியாவும் விற்பாள். அவளுடைய முக்காலியில் தினம் காலையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் யார் என்றால், அதே வார்டுத் தலைவர். அதனால் சுவருக்கு இந்தப் பக்கம் தமிழைத் தவிர வேறு பேச்சு கூடாது.

நான் பிரம்பு நாற்காலியில் சபாநாயகராக உட்கார்ந்தேன். என் கணவரை மந்திரியாக இருக்கச் சொன்னார் அண்ணன்.

“நான் என்ன மச்சான் பதில் சொல்றது? எனக்கு ஒண்ணுமே தெரியாதே” என்றார் இவர்.

“அவருக்கும் ஒண்ணும் தெரியாது. நீங்க சும்மா உக்காந்திருங்க, அது போதும்.”

அண்ணன் எழுந்து நின்று, இடுப்பு லொஞ்சியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, “சபாநாயகர் அவர்களே” என்று ஆரம்பிப்பார். ஆள் பிடிப்பதை நிறுத்த வேண்டும். கொண்டுபோனவர்கள் எங்கே என்று சொல்ல வேண்டும். செத்திருந்தால் புதைத்த இடத்தைக் காட்ட வேண்டும். பேச்சு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் வாத்தியார் இல்லையா, முன்னுரையே முழ நீளம். எனக்கு எரிச்சல் வந்தது. “அண்ணே, நீங்க முன்னுரை முடிக்கிறதுக்குள்ள உக்காரச் சொல்லிடுவாங்க. பேரை முதல்ல சொல்லுங்க” என்றேன். மரியாதை இல்லாமல் பெயரில் ஆரம்பிக்க முடியாது என்றார். இரண்டு பேரும் வாக்குவாதம் செய்தோம். சபாநாயகரோடு இப்படிச் சண்டை போடுகிற உறுப்பினரை வெளியே அனுப்பலாமா என்று என் கணவர் கேட்டார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன்.

பெயர்கள்தான் கஷ்டமாக இருந்தன. ஜெபமாலையின் மணிகளைத் தாண்டிப் போகிற அளவுக்குப் பெயர்கள். ஒரு நாள் பாதியில் தடுமாறி, ஒரு பெயரை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். விட்டது எது என்று யோசித்து யோசித்து அன்று அவர் சாப்பிடவே இல்லை. நாங்கள் கத்தோலிக்கர்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் ஜெபமாலை சொல்லி, முடிவில் அர்ச்சியசிஷ்டவர்களின் பிரார்த்தனை சொல்வது வழக்கம். ஒருவர் புனிதரின் பெயரைச் சொல்ல, மற்றவர்கள் “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்பார்கள். சின்ன வயதிலிருந்தே அந்த வரிசை எங்களுக்குத் தூக்கத்திலும் தப்பாது. அதே ராகத்தில் போட்டால் என்ன என்று அண்ணனுக்குத் தோன்றியது. புனிதர்கள் முடிந்ததும் அவர் தொகுதிக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சொல்வார், நாங்கள் பதில் சொல்வோம். ஒரு பெயரும் தவறவில்லை. யார் கேட்டாலும் கிறிஸ்தவ வீட்டு ஜெபம்தான். இதைவிட நல்ல மறைப்பு உலகத்தில் இல்லை என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்தோம்.

ஒரு காலையில் நான் மொஹிங்கா வாங்கப் போனேன். வார்டுத் தலைவர் அப்போதுதான் சாப்பிட்டு எழுந்து போயிருந்தார். அவள் கிண்ணத்தில் குழம்பை ஊற்றிக்கொண்டே, தமிழ்க் கடைகளில் சாமான் வாங்கிப் பழகிய தமிழில், என்னை அமா, அதாவது அக்கா, என்று கூப்பிட்டுக் கேட்டாள்.

“அமா, உங்க சாமியில பர்மாக்காரரு அவ்ளோ பேரா?”

காசை வைத்துவிட்டுக் கிண்ணத்தோடு வீட்டுக்கு ஓடி வந்தேன். ராகம் இருந்தது, தமிழ் இருந்தது, ஆனால் கோ என்றும் ஊ என்றும் ஸோ என்றும் ஆரம்பிக்கிற பெயர்களை எந்தத் தமிழால் மறைக்க முடியும்? இத்தனை நாளாக அந்தப் பலகைச் சுவர் வழியாக, காணாமல் போன பர்மியர்களையும் கரேன்காரர்களையும் நாங்கள் சத்தம் போட்டுக் கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். படித்த மூன்று பேருக்கும் இது உறைக்கவில்லை.

அன்றைக்கு வீட்டில் ஜெபம் இல்லை. “மச்சானை ஊருக்குப் போகச் சொல்லு. அவ இன்னைக்கே சொல்லியிருப்பா” என்றார் என் கணவர். அண்ணன் காதில் விழும்படிதான் சொன்னார். அண்ணன் பையை எடுத்து வைத்தார். சந்தில் சைக்கிள் நின்றால் மூன்று பேரும் வாசலைப் பார்த்தோம். தினமும் காலையில் வார்டுத் தலைவர் அவள் முக்காலியில் உட்கார்ந்து குனிந்து அவளிடம் என்னமோ பேசுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம் அவளே வந்து கதவைத் தட்டினாள். உள்ளே வந்ததும் தரையில் உட்கார்ந்தாள். எங்களைப் பார்க்காமல் அண்ணனை மட்டும் பார்த்தாள்.

“அக்கோ, ஏன் ஜெபம் இல்லை?” என்று பர்மிய மொழியில் கேட்டாள். அக்கோ என்றால் அண்ணன். பிறகு அவளே சொன்னாள். அவளுக்கு ஒரு தம்பி. ரயிலடியில் டிக்கெட்டுக்கு நின்றவனை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மலைக்குக் கொண்டுபோனார்கள் என்று மட்டும் கேள்வி. “தினம் சுவரில் காதை வைத்துக் கேட்கிறேன். அவன் பெயர் மட்டும் வரவில்லை.”

அண்ணன் அப்போது சொன்னார் பாருங்கள், அதற்காக இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. “தங்கச்சி, உன் தம்பி என் தொகுதி ஆள் இல்லை. ஒரு உறுப்பினர் தன் தொகுதியைப் பற்றித்தான் கேட்க முடியும்.”

“கூடாத சபைக்கு என்னண்ணே சட்டம்?” என்று நான் கத்திவிட்டேன்.

அவள் கோபப்படவில்லை. “லாரி உங்க தொகுதிக்குத்தான் போச்சு அக்கோ” என்றாள். அண்ணனுக்கு முகம் மாறிவிட்டது. விளக்கு ஏற்றச் சொன்னார். அன்றைய வரிசையில் கடைசிப் பெயர் அவள் தம்பியுடையது. நாங்கள் பதில் சொன்னபோது அவள் சட்டையின் கையால் முகத்தை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு தினம் வந்தாள், பௌத்தர்களின் மணிமாலையைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடு உட்கார்ந்து சொன்னாள்.

அப்படியும் அண்ணனைப் பிடிக்கப் பட்டாளத்து ஆட்கள் வந்தார்கள். ஒரு மத்தியானம், அண்ணன் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது. அவள் சொல்லி வரவில்லை. அவரோடு ஜெயித்த பலரையும் அப்போது கொண்டுபோனார்கள். வீடு முழுவதும் கிளறினார்கள். ஒரு தாள்கூடக் கிடைக்கவில்லை. அண்ணன் படியிறங்கும்போது என்னிடம், “ஜெபத்தை விட்டுடாதே” என்று மட்டும் சொன்னார்.

விடவில்லை. ஊரைச் சுற்றும் வட்ட ரயிலேறி இன்சீன் ஜெயிலுக்கு அவரைப் பார்க்கப் போவேன். பர்மிய மொழியில்தான் பேச வேண்டும், பக்கத்தில் ஒருத்தர் நின்று கேட்பார். “ஜெபம் நடக்குதா?” என்பார். “நடக்குது” என்பேன். எங்களுடைய பேச்சு அவ்வளவுதான். ரயிலில் திரும்பி வரும்போது அழுவேன், காய்கறிக் கூடைக்காரிகள் இடம் கொடுப்பார்கள். வீட்டில் நான் தடுமாறும் இடத்தில் மொஹிங்காக்காரி எடுத்துக் கொடுப்பாள். என் கணவர் மட்டும் மெதுவாக, உதடு அசைவது தெரியாமல் பதில் சொல்வார். சில வருஷங்களில் எனக்கே ஆத்திரமாக வரும். யாருக்காக இதைச் சொல்கிறோம்? எந்தச் சபைக்கு?

பல வருஷம் கழித்து அண்ணன் வெளியே வந்தபோது தலை நரைத்து, நெஞ்சில் சளி கட்டி, பாதிப் பெயர்கள் மறந்துபோய் வந்தார். முன்னுரை மட்டும் அப்படியே நினைவிருந்தது. சாயங்காலங்களில் அவள் பெயர்களைச் சொல்ல, அவர் எங்களோடு உட்கார்ந்து பதில் சொன்னார். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. “அந்த வீடுகளுக்கு என்ன சொல்லிட்டுப் போறது தங்கச்சி?” என்பார்.

இரண்டாயிரத்துப் பத்தில், புதிதாக இன்னொரு தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட சமயத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். பெட்டியை அதே முன்னறையில் வைத்தோம். கோயில் சனமும் சந்துச் சனமும் வந்து நிறைந்தார்கள். வார்டுத் தலைவரும் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. வாசல் பக்கம் நாற்காலியில் தேநீரோடு உட்கார்ந்து யார் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

உபதேசியார் பிரார்த்தனையை ஆரம்பித்தார். புனிதர்களின் வரிசை முடிந்தது. அவர் அடுத்த ஜெபத்துக்குப் பக்கத்தைப் புரட்டும்போது, சுவரோரமாக உட்கார்ந்திருந்த அவள் முதல் பெயரைச் சொன்னாள். ராகம் தப்பாமல், கணீரென்று.

யாரும் பதில் சொல்லவில்லை. உபதேசியார் என்னைப் பார்த்தார். வாசலில் தேநீர்க் கோப்பையைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது.

“எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.”

என் கணவர். வாழ்நாளில் அவர் அவ்வளவு சத்தமாக எதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அவள் இரண்டாவது பெயரைச் சொன்னாள். நானும் சேர்ந்துகொண்டேன். மூன்றாவது பெயருக்குப் பின்வரிசைக்காரர்கள் சேர்ந்தார்கள், அப்புறம் வீடு முழுவதும் சொல்லத் தொடங்கியது. பெயர் வந்தால் பதில் வரும், எங்கள் சனத்தின் வாய்ப்பழக்கம் அது. வார்டுத் தலைவர் எழுந்து போனாரா, நின்றாரா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வீடு நிறைய ஆட்கள் குரல் கொடுத்தார்கள். அண்ணன் கேட்க ஆசைப்பட்டது அதைத்தான்.

கடைசியாக அவள் தம்பி பெயரைச் சொன்னாள். பதில் வந்தது. வரிசை எப்போதும் அதோடு முடிந்துவிடும், நான் சிலுவை போடக் கையைத் தூக்கிவிட்டேன். ஆனால் அவள் முடிக்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டே, தம்பிக்கு அடுத்ததாக என் அண்ணன் பெயரைச் சொன்னாள்.

தூக்கிய கையை நான் இறக்கி மடியில் வைத்துக்கொண்டேன். மற்ற எல்லோரும் சொன்னார்கள்.